ஒரு லாரியில் எவ்வளவு ஏற்றலாம்? எடை வரம்பும் தென்சென்னைத் தெருக்களும்

ஒரு வண்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை யார் சொல்ல வேண்டும்? வண்டியைச் செய்தவரா, அது ஓடும் சாலையைப் போட்டவரா, அரசா, அதை வைத்துப் பிழைப்பவரா? சக்கரம் உருளத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு விடைகள் வந்தபடி இருக்கின்றன. மயிலாப்பூரின் மாடவீதிகளிலும் தியாகராய நகரின் குறுக்குத் தெருக்களிலும் அடையாற்றின் குடியிருப்புகளிலும் கோடைக்காலத்தில் நுழையும் தண்ணீர் லாரிகளுக்கும், கட்டுமான மணல் கொண்டுவரும் டிப்பர்களுக்கும், கடைச் சரக்கு இறக்கும் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு வண்டிகளுக்கும் இந்தக் கேள்வி அன்றாடம் பொருந்துகிறது. இதுவரை சொல்லப்பட்ட விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய விடை

தமிழில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய விடைகளில் ஒன்று திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஏற்றப்படுவது மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்பது அதன் கருத்து. அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். ஆனால் வண்டியைப் பற்றியும் அதில் இரண்டு கூர்மையான கவனிப்புகள் உண்டு. பாரம் மிகும்போது முதலில் முறிவது அச்சு என்பது ஒன்று. பொருள் லேசானது என்ற எண்ணமே அளவை மறக்கச் செய்யும் என்பது மற்றொன்று. இன்றைய பொறியியல் அச்சு எடையைத்தான் அடிப்படை அலகாகக் கொள்கிறது. இன்றைய மிகைப்பாரமும் பெரும்பாலும் எடையை எண்ணாமல் கொள்ளளவை மட்டும் எண்ணுவதால்தான் நேர்கிறது என்பதைப் பின்னால் காண்போம்.

மோட்டார் வந்த பிறகு கேள்வி சட்டத்தின் கைக்குப் போனது. 1914, 1939, 1988 என மூன்று மோட்டார் வாகனச் சட்டங்கள் இந்தியாவில் அடுத்தடுத்து வந்தன. இன்று நடைமுறையில் இருக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பதிவு அதிகாரி சான்றளித்துப் பதிவுசெய்த, வண்டியும் சுமையும் சேர்ந்த எடையை மொத்த வாகன எடை என்று வரையறுக்கிறது. அதில் காலி வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதே ஏற்றக்கூடிய சுமை. இந்த எண்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும், பெரும்பாலான லாரிகளின் பக்கவாட்டிலும் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். தெருவில் நிற்கும் எவரும் படித்துக்கொள்ளலாம். படிப்பவர்கள் குறைவு.

சாலையின் விடை

எடை வரம்புக்கான வலுவான அறிவியல் நியாயம் சாலையிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. தனியாகப் போடப்பட்ட சாலை வளையங்களில் வெவ்வேறு அச்சு எடைகொண்ட லாரிகளை ஓயாமல் ஓட்டி, எந்தச் சாலை எப்போது சிதைகிறது என்று அளந்தார்கள். சாலைக்கு நேரும் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு விகிதமாகக் கூடுகிறது என்பது அதிலிருந்து பெறப்பட்ட விதி. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு ஆகும். ஒரு சிறிய காரின் அச்சையும், முழுப் பாரம் ஏற்றிய லாரியின் பின் அச்சையும் ஒப்பிட்டால், லாரி ஒருமுறை போவது கார் லட்சம் முறைக்கு மேல் போவதற்குச் சமம். 8.16 டன் ஒற்றை அச்சை அளவுகோலாக வைத்து மற்ற அச்சுகளின் தாக்கத்தைக் கணக்கிடும் முறை உலகெங்கும் பரவியது. 1934இல் தொடங்கிய இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு வழிகாட்டிகளும் அதே முறையைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த விடையின் பலவீனங்கள் பெரியவை. நான்காம் அடுக்கு இயற்கையின் விதி இல்லை. ஒரு குறிப்பிட்ட மண்ணிலும் தட்பவெப்பத்திலும், அக்காலத்து டயர்களோடு கிடைத்த பொருத்தம் அது. சாலையின் வகைக்கும் அதன் நிலைக்கும் ஏற்ப அடுக்கு மாறுகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. நெடுஞ்சாலைக்காக வந்த கணக்கு நகரத் தெருவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்தின் பழைய நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட பகுதி. அடையாறும் மயிலாப்பூரின் கடலோரமும் மணற்பாங்கானவை. இந்தத் தெருக்களுக்குக் கீழே கழிவுநீர்க் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர் வடிகால் என்று அடுக்கடுக்காகச் செல்கின்றன. ஆண்டுதோறும் எங்கோ ஓரிடத்தில் தோண்டி மூடுகிறார்கள். சரியாக இறுக்காமல் மூடிய பள்ளத்தின் மேல் போகும் பின் அச்சு என்ன செய்யும் என்பதை ஒட்டாவா சோதனை சொல்லாது. அங்கே தார்ப்பரப்பு தேய்வதைவிட மண் அமர்வதும் குழாய் நொறுங்குவதுமே முக்கியமாக இருக்கலாம். அத்தகைய சேதத்தைப் பல முறை போய்வரும் அச்சுகளின் கூட்டுத்தொகையால் அளக்க முடியாமலும் போகலாம். ஒரே ஒரு கனத்த அச்சு போதும்.

பாலங்களைப் பொறுத்தவரை நிலைமை கொஞ்சம் ஆறுதலானது. சாலைக் காங்கிரஸின் பாலச் சுமை விதிகளில் வரும் ‘ஏ’ வகுப்பு வாகன வரிசை 55.4 டன் கொண்டது. அதன் கனத்த அச்சுகள் ஒவ்வொன்றும் 11.4 டன். அந்த விதிப்படி கட்டிய பாலம் ஒரு லாரியின் மிகைப்பாரத்தால் விழுந்துவிடாது என்று பொதுவாகக் கொள்ளலாம். பழைய சிறு பாலங்களையும் மதகுகளையும் பற்றி அதே உறுதியோடு பேச முடியாது.

தயாரித்தவரின் விடை

சாலைக்கு ஒரு வரம்பு இருப்பதைப் போல வண்டிக்கும் ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவில் மொத்த எடையைத் தயாரிப்பாளர் நிர்ணயித்து வண்டியிலேயே ஒட்டிவிடுகிறார். இந்தியாவில் தயாரிப்பாளர் சொல்வதைச் சோதனை நிறுவனங்கள் சரிபார்த்து மாதிரி ஒப்புதல் தருகின்றன. சென்னைக்கு அருகே ஓரகடத்தில் அப்படியொரு மையம் இயங்குகிறது. அதற்கு மேல், எந்த அச்சுக்கு எத்தனை டன் என்ற உச்சவரம்பை மோட்டார் வாகனச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி மத்திய அரசு அறிவிக்கிறது. இரண்டில் எது குறைவோ அதுவே நடைமுறையில் வரம்பு.

தயாரிப்பாளரின் எண் பல உறுப்புகளின் வரம்புகளில் மிகக் குறைந்ததைச் சார்ந்தது: பிரேக், டயர், அச்சு, ஸ்பிரிங் பட்டை, சட்டகம், ஸ்டீயரிங். “கூடுதலாக இரண்டு பட்டை போட்டுவிட்டோம், இனி தாங்கும்” என்று பட்டறைகளில் சொல்லப்படும் நம்பிக்கை இதனால்தான் ஆபத்தானது. பட்டையைக் கூட்டினால் வண்டி தாழாது. பிரேக்கின் வலிமை கூடாது. ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால் அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் டிரம்மில் வெப்பமாக்குவது. அதே வேகத்தில் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வெப்பமும் அதே பங்கு கூடும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும் டி.டி.கே. சாலையிலும் எல்.பி. சாலையிலும் அந்த வெப்பம் ஆறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். டயரின் நிலையும் இதுவே. பாரம் கூடினால் பக்கச்சுவர் அதிகமாக வளையும், வளைந்து நிமிர்வதில் சூடேறும், சித்திரை வெயிலில் வெடிக்கும்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எவ்வளவு எடை என்பதற்கு இணையான கேள்வி. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் சுமை முழுவதும் பின்புறம் இருந்தால் பின் அச்சு வரம்பைத் தாண்டும். முன் சக்கரம் தரையை அழுத்தமாகப் பற்றாது. ஸ்டீயரிங் திருப்பியதற்கு வண்டி திரும்பாது. உயரமாக அடுக்கினால் வளைவில் சாயும்.

இந்த விடையின் பலவீனம் தமிழ்நாட்டுத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. எண்ணூரிலோ வேறெங்கோ உள்ள ஆலையிலிருந்து பல லாரிகள் வெறும் அடிச்சட்டகமாகவே வெளியே வருகின்றன. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளின் கூண்டு கட்டும் பட்டறைகளிலும் சென்னையின் புறநகர்ப் பட்டறைகளிலும்தான் அவை முழு வண்டியாகின்றன. தொட்டியின் தகடு எவ்வளவு கனம், தொட்டி எவ்வளவு பெரிது, அச்சுக்கு எவ்வளவு பின்னால் அமர்கிறது என்பதைப் பட்டறையும் வாங்குபவருமே முடிவு செய்கிறார்கள். தயாரிப்பாளர் கணக்கிட்ட வண்டியும் தெருவில் ஓடும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இங்கேதான் தளர்கிறது.

அரசின் விடை

அரசின் விடை ஓரிடத்தில் நிற்கவில்லை. 1980களில் ஒற்றைப் பின் அச்சின் வரம்பு 10.2 டன் ஆனது. முன் அச்சின் 6 டன்னையும் சேர்த்து ஆறு சக்கர லாரிக்கு 16.2 டன் என்ற மொத்த எடை நீண்டகாலம் நிலைத்தது. 2018 ஜூலை 16 அன்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்த வரம்புகளை உயர்த்தியது. முன் அச்சு 7 டன், பின் அச்சு 11.5 டன், மொத்தம் 18.5 டன். பத்துச் சக்கர லாரியின் வரம்பு 25 டன்னிலிருந்து சுமார் 28 டன்னுக்குப் போனது. இணைப்பு வண்டிகளின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. சரக்குச் செலவு குறையும், மற்ற நாடுகளின் அளவுகளுக்கு இணையாகும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் இயக்கு அச்சின் வரம்பு 11.5 டன்தான். ஆனால் அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளில் ஒற்றை அச்சுக்கு 9 டன் அளவே அனுமதி. எனவே ‘உலக அளவு’ என்று ஒன்று இருப்பதாகச் சொல்வது கடினம். எந்த நாடும் தன் சாலை, வண்டி, சரக்குக் கூலி ஆகியவற்றுக்கிடையே ஒரு சமரசம் செய்துகொள்கிறது, அவ்வளவே. உயர்த்திய வரம்பு ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளுக்குப் பொருந்துமா என்ற குழப்பமும் அப்போது எழுந்தது. பழைய பிரேக்கும் பழைய அச்சும் கொண்ட வண்டி ஓர் அறிவிப்பால் வலுப்பெற்றுவிடாது என்ற எளிய காரணத்தால் அந்தக் குழப்பம் நியாயமானது.

வரம்பை மீறினால் என்ன என்பதிலும் அரசின் விடை மாறியிருக்கிறது. முன்பு பல மாநிலங்கள் ஒரு தொகையைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு மிகைப்பாரத்தோடு வண்டி தொடர்ந்து செல்ல அனுமதித்தன. 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அபராதம் கட்டினாலும் மிகைச்சுமையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது என்பதே அதன் சாரம். இக்கேள்வியின் இந்திய வரலாற்றில் அதுவே முதன்மையான திருப்பம் என்று கருத இடமுண்டு. மிகைப்பாரம் விலை கொடுத்து வாங்கக்கூடிய உரிமையாக இருந்த நிலையைச் சட்ட அளவில் அது முடித்துவைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 194ஆம் பிரிவின் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாகவும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் உயர்த்தியது. சுமையை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது என்பதையும் பிரிவிலேயே எழுதிவைத்தது.

ஆனால் எடை வரம்பைச் செயல்படுத்த எடை போட வேண்டும். 114ஆம் பிரிவு, சந்தேகம் இருந்தால் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லும் அதிகாரத்தை அதிகாரிக்குத் தருகிறது. மேடை வண்டி போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள்ளோ சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ இருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு இது நடைமுறைக்கு ஒத்த விதி. மந்தைவெளிச் சந்தியில் காலை எட்டு மணிக்கு ஒரு லாரியை நிறுத்தி, போக்குவரத்தைத் தாண்டி எடை மேடைக்கு அனுப்பித் திரும்ப வரவழைப்பது எளிதில் நடக்கக்கூடியதல்ல. நகரத்துக்குள் எடை வரம்பு பெரும்பாலும் ஆர்.சி. புத்தகத்தின் பக்கத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம் எனத் தோன்றுகிறது.

தொழிலின் விடை

லாரி வைத்திருப்பவர்களின் வாதத்தை ஆசை என்று சுருக்கிவிடுவது நியாயமாகாது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு மாதத் தவணை, டீசல், டயர், எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு, ஓட்டுநர் கூலி எல்லாம் நடைக்கு நடை நிலையானவை. கூலி சுமைக்கு ஏற்பவோ நடைக்கு இவ்வளவு என்றோ வருகிறது. பக்கத்து வண்டி அதிகம் ஏற்றினால் சந்தையின் கூலி அதற்கேற்ப இறங்கும். வரம்புக்குள் ஏற்றுபவர் நட்டப்படுவார். விதியை எல்லோரும் கடைப்பிடித்தால் எல்லோருக்கும் கட்டுப்படியான கூலி கிடைக்கும், தனியொருவர் மட்டும் கடைப்பிடிக்க முடியாது என்ற இந்த நிலையைத் தண்டனையின் அளவைக் கூட்டுவதால் மட்டும் மாற்றிவிட முடியாது.

இரண்டாவது வாதம் நகரத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. அதிகம் ஏற்றினால் நடைகள் குறையும், நெரிசல் குறையும் என்கிறார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறு சக்கர லாரியின் காலி எடையை 6.5 டன் என்று கொண்டால், 16.2 டன் வரம்பில் 9.7 டன்னும் 18.5 டன் வரம்பில் 12 டன்னும் ஏற்றலாம். அதே சரக்குக்கு நடைகள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும். ஆனால் பின் அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆகும்போது, நான்காம் அடுக்கின்படி ஒரு நடையின் சேதம் 60 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால் சாலைக்கு நிகரச் சேதம் 30 விழுக்காடு அளவு அதிகம். அடுக்கு நான்கைவிடக் குறைவு என்று வைத்தால் இந்த எண் சுருங்கும், கூடுதல் என்றால் பெருகும். நெரிசல் குறைவது உண்மை. அதற்கான விலையைச் சாலை தருகிறது, அந்த விலை லாரிக் கூலியில் சேர்வதில்லை.

தொழிலின் விடையில் பெரிதாகப் பேசப்படாத ஒரு கூறு உண்டு. சட்டம் டன்னில் பேசுகிறது. சந்தை வேறு அலகுகளில் பேசுகிறது. மணல், எம்-சாண்ட், ஜல்லி யூனிட்டில் விற்கப்படுகின்றன. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். காய்ந்த மணல் என்றால் ஒரு யூனிட் நாலரை டன் வரும். ஈர மணல் என்றால் ஐந்து டன்னைத் தாண்டும். இரண்டு யூனிட் ஏற்றிய 16.2 டன் டிப்பர் காய்ந்த மணலோடு வரம்புக்குள் இருக்கும், ஈர மணலோடு வரம்பைத் தாண்டிவிடும். வாங்குபவருக்கு இரண்டும் இரண்டு யூனிட்தான்.

தண்ணீர் லாரி: எல்லா விடைகளும் மோதும் இடம்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஆண்டு சென்னை குடிநீர் வாரியத்தின் லாரிகளும் தனியார் லாரிகளும்தான் தென்சென்னையின் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சம்ப்களை நிரப்பின. வறட்சி இல்லாத ஆண்டுகளிலும் அவை ஓடுகின்றன. எடை வரம்பைப் பற்றிய எல்லா விடைகளையும் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. தண்ணீரின் கணக்கு எளிது, ஒரு லிட்டர் ஒரு கிலோ.

6.5 டன் காலி எடை கொண்ட 16.2 டன் லாரியில் 9,000 லிட்டர் ஏற்றினால் மொத்தம் 15.5 டன், வரம்புக்குள் நிற்கும். 12,000 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 18.5 டன், வரம்புக்கு மேல் 2.3 டன். 2018க்குப் பிறகு 18.5 டன்னுக்குப் பதிவான வண்டி என்றால் அதே 12,000 லிட்டர் சட்டப்படி சரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு லாரிகளும் ஒன்றுபோல் இருக்கும். ஊரில் டாரஸ் என்று அழைக்கப்படும் பத்துச் சக்கர வண்டியில் 24,000 லிட்டர் தொட்டி அமைத்து முழுக்க நிரப்பினால், காலி எடையை 9 டன் என்று கொண்டாலும் மொத்தம் 33 டன் ஆகிவிடும். 2018இன் உயர்த்தப்பட்ட வரம்பையும் மீறும். நான்கு அச்சு வண்டியில் அந்தத் தொட்டி பொருந்தக்கூடும். ஆகவே லிட்டரை மட்டும் கேட்டால் எதுவும் தெரியாது. அச்சுகளின் எண்ணிக்கையையும் பதிவான எடையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

‘அப்படியானால் தொட்டியைப் பாதியளவு, முக்காலளவு நிரப்பி ஓட்டினால் போதுமே’ என்று தோன்றும். அது இன்னொரு ஆபத்தைக் கொண்டுவருகிறது. நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அசைய இடமில்லை. குறைவாக நிரம்பிய தொட்டியில் பிரேக் போட்டதும் டன் கணக்கான தண்ணீர் முன்னோக்கிப் பாயும்; திரும்பும்போது வெளிப்பக்கச் சுவரை மோதும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தால் முன்பின் அலைச்சல் தணியும். பக்கவாட்டு அலைச்சல் அந்த அளவுக்குத் தணியாது. வரம்புக்கு ஏற்றபடி குறைத்து நிரப்பிய பெரிய தொட்டி காகிதத்தில் பாதுகாப்பானது, வளைவில் அப்படி இல்லை. வண்டியின் வரம்புக்குப் பொருந்திய அளவில் தொட்டியே கட்டப்பட வேண்டும் என்பதுதான் இயற்பியல் சொல்லும் விடை.

இது நடக்க முடியாத யோசனை அல்ல. அதே தெருவில் பெட்ரோல் பங்குக்கு வரும் டேங்கர் இதற்குச் சான்று. 2002ஆம் ஆண்டுப் பெட்ரோலிய விதிகளின்படி அதன் தொட்டிக்கு ஒப்புதல் வேண்டும். அறைகள் பிரிக்கப்பட்டு, சட்டமுறை எடையளவுத் துறையால் அளவு குறிக்கப்பட்டு, எவ்வளவு நிரப்பலாம் என்பது முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. இத்தனைக்கும் பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது: 12,000 லிட்டர் பெட்ரோல் 9 டன் அளவுதான். தீப்பற்றும் பொருளுக்கு நாம் காட்டும் இந்த அக்கறையை அதைவிடக் கனமான, அதைவிட அடிக்கடி வீட்டுவாசலுக்கு வரும் பொருளுக்கும் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்காத லாரியின் முன்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்ன திரவம் என்பது பொருட்டல்ல.

சிறு வண்டிகளும் இழுவையும்

பெரிய லாரிகளைப் பற்றிய பேச்சில் சிறு வண்டிகள் மறைந்துவிடுகின்றன. 2005இல் வந்த டாடா ஏஸ், முக்கால் டன் சுமைக்காக வடிவமைக்கப்பட்டது. குட்டி யானை என்று ஊரே பெயர் வைத்த அந்த வண்டியில் ஒரு டன்னுக்கு மேல் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போவது ரங்கநாதன் தெருவைச் சுற்றியோ கட்டுமான இடங்களுக்கு அருகிலோ அரிய காட்சி அல்ல. டைல்ஸ் பெட்டி சிறியது, கனமானது. கூண்டில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை வரம்பு முடிந்துவிடும். தண்ணீர் கேன் போடும் மொபெட்டில் ஆறு கேன் தொங்கினால் தண்ணீர் மட்டும் 120 கிலோ. தயாரிப்பாளர் சொல்லும் சுமைத்திறனில் ஓட்டுபவரின் எடையும் அடங்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. பழைய ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்திய மீன்பாடி வண்டிக்கோ மொத்த எடை என்ற எண்ணே கிடையாது. பதிவு இருந்தால்தானே எண் இருக்கும்.

இழுவையிலும் இதே தர்க்கம்தான், இன்னும் கடுமையாக. இழுக்கும் வண்டியின் எஞ்சினால் நகர்த்த முடிகிறதா என்பதை மட்டும் பார்ப்பது வழக்கம். நகர்த்துவதைவிட நிறுத்துவதே கடினம். இழுபடும் வண்டிக்குச் சொந்தப் பிரேக் இல்லாவிட்டால் முழுச் சுமையும் முன்வண்டியின் பிரேக்கில் விழும். இணைப்பின் மீது அழுத்தம் மிகக் குறைந்தால் பின்வண்டி பாம்புபோல் நெளியும். பழுதான வண்டியை இழுக்கும்போது இரண்டுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்று விதி உண்டு. ஆட்டோவைக் காலால் தள்ளிக்கொண்டே போகும் பழக்கத்துக்கு எந்த விதியிலும் இடமில்லை.

பொறுப்பு யாருடையது?

இதுவரை கண்ட விடைகள் எல்லாம் பொறுப்பை வண்டியோடு கட்டிவைக்கின்றன. 194ஆம் பிரிவு ஓட்டுபவரையும், ஓட்டச் செய்தவரையும், ஓட்ட விட்டவரையும் பிடிக்கிறது. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளரின் அறிவோடுதான் குற்றம் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது 113ஆம் பிரிவு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பொதுச் சரக்கு ஏற்றுநரின் பதிவின் மேலேயே கைவைக்க வழி செய்தது. ஆனால் சுமையின் அளவை முடிவு செய்பவர் பல நேரம் இவர்களில் யாருமில்லை. ‘12,000 லிட்டர் அனுப்புங்கள்’, ‘மூன்று யூனிட் போடுங்கள்’ என்று சொல்லும் வாங்குபவர்தான். ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் 2014 முதல் நடைமுறையில் உள்ள கனரக வாகனச் சட்டம், அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர் என்று சங்கிலியில் உள்ள அனைவரையும் பொறுப்பாளிகளாக்குகிறது. பெரிய நிறுவனங்களுக்கிடையே அது வேலை செய்யக்கூடும். இருபது வீடுகள் கொண்ட அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரை அதே தட்டில் வைப்பது சரியா என்பது விவாதத்துக்குரியது. எனினும் பொறுப்பில் ஒரு பங்கும் வாங்குபவருக்கு இல்லை என்ற இன்றைய நிலை அதைவிடக் குறைபாடானது.

முடியாத கேள்விகள்

சில விடைகளை உறுதியானவை என்று கொள்ளலாம். மொத்த எடையைவிட அச்சு எடையே முதன்மையானது. வரம்பை மீறினால் பிரேக்குக்கும் டயருக்கும் நேரும் பாதிப்பில் விவாதம் இல்லை. அபராதம் கட்டி மிகைப்பாரத்தோடு போகும் வழி சட்டத்தில் அடைபட்டுவிட்டது.

மற்றவை முடியவில்லை. ஏரியைத் தூர்த்த மண்ணிலும் மணலிலும், குழாய்களுக்கு மேலே ஓடும் சென்னைத் தெருக்களில் சேதம் எந்த அடுக்கில் கூடுகிறது என்பதை இங்கேயே அளக்க வேண்டும். கிண்டியில் மாநில நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமும் அடையாற்றின் விளிம்பில் ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன, உட்தெருக்களின் அச்சு எடையை அளக்கும் ஆய்வுக்கு ஆய்வுக்கூடங்கள் அருகிலேயே உண்டு. 2018இன் உயர்வு சரக்குச் செலவில் மிச்சப்படுத்தியது அதிகமா, சாலைச் செலவில் கூட்டியது அதிகமா என்பதற்கும் இருதரப்பும் ஏற்கும் கணக்கு வேண்டும். பெரிய லாரி ஒன்றா சிறிய லாரி இரண்டா என்பதற்கு எல்லாத் தெருவுக்கும் பொருந்தும் ஒரே விடை இருக்க முடியாது. கச்சேரி சாலைக்குப் பொருந்துவது காந்தி நகரின் அகன்ற தெருக்களுக்குப் பொருந்தாது.

ஒன்றில் மட்டும் தயக்கமின்றி ஒரு முடிவு சொல்லலாம். எடை மேடை இல்லாத நகரத் தெருவில் எடையைக் கண்காணிக்க முடியாது. கொள்ளளவைக் கண்காணிக்க முடியும். தண்ணீர்த் தொட்டியின் லிட்டரையும் டிப்பர் பெட்டியின் கன அடியையும் வண்டியின் பதிவான எடைக்குப் பொருத்தி, பதிவின்போதும் எஃப்.சி.யின்போதும் அளந்து சான்றளித்தால் மிகைப்பாரத்தின் பெரும்பகுதி பட்டறையிலேயே நின்றுவிடும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, போக்குவரத்துத் துறையின் ஓர் ஆணை போதும்.

அந்த ஆணை வரும்வரை குடியிருப்போர் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீருக்குச் சொல்லும்போது விலையோடு வண்டியின் மொத்த எடையையும் காலி எடையையும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லிட்டராகக் கொண்டு, அதற்குமேல் கொள்ளாத தொட்டி உள்ள வண்டியையே வரச் சொல்லுங்கள்; வந்த வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களோடு ஒப்பிட்ட பிறகு வாயிற்கதவைத் திறங்கள்.